தவக்காலக் கஞ்சா

"டக்" என்று ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் பேஸ்மென்ரில் நின்ற றெமிஜியசுக்கு அது வீடு முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. அவருடைய வலக்கையில் கஞ்சாச் செடியின் தலை இருந்தது. உடம்பு சட்டியில் இருந்தது. இரண்டையும் ஒரு மெல்லிய பச்சைத் தோல் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?" மேலே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஜோசப்பின் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. முழங்கால்."

"உங்கடையோ, செடியின்ரையோ?"

றெமிஜியஸ் செடியிடம் திரும்பினார். தலையைத் தூக்கி உடம்பின்மேல் வைத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் அது மறுபடி சரிந்தது.

கனடாவில் ஸ்காபரோவிலிருந்த அந்த வீட்டுக்குக் கஞ்சா வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முறைப்படி வந்த கஞ்சா. ஒரு வீட்டில் நாலு செடி வளர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது, நாலுதான் வந்தது. ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, ஒருநாளாவது மஞ்சள் விளக்கைத் தாண்டிக் காரை விடாதவர் றெமிஜியஸ். செடிகள் இறங்கிய அன்று, ஐந்தாவது ஒன்று தப்பித்தவறி வந்துவிட்டதோ என்று காருக்குள்ளும் எட்டிப் பார்த்தவர்.

செடிகளின் சொந்தக்காரன் மருமகன் கிளிபோட். மகள் நிலாணிக்கு ஏழு மாதம். மார்க்கம் நகரில் அவர்களுடைய வீட்டில் படுக்கையறை இரண்டே இரண்டு. அதில் சின்ன அறைக்குள் கறுப்புக் கூடாரம் அடித்து, விளக்குத் தொங்கவிட்டுக் கிளிபோட் கஞ்சா வளர்த்து வந்தான். இப்போது குழந்தைக்காக அந்த அறைக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும். மூன்று கிழமைக்குச் செடிகளை எங்கே விடுவது என்று அவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "அப்பாட்டை விடுவம்" என்று சொன்னது நிலாணிதானாம். அதைக் கேட்ட நேரத்திலிருந்து றெமிஜியசுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

காரணம் இருந்தது. கலியாணம் முடிந்து இரண்டு வருடம். ஜோசப்பினைத் தேவாலய வாசலிலேயே "மாமி" என்று கூப்பிட்டவன் கிளிபோட். அவரை மட்டும் இன்றுவரை "அங்கிள்" என்கிறான். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவரும் அங்கிள், பெண் தந்த மாமனாரும் அங்கிள் என்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்? வாய்விட்டுக் கேட்கவும் வெட்கம். ஒருமுறை ஒரேயொருமுறை அவன் வாயால் "மாமா" என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய உள்ளத்து ஆசை. அந்த ஆசை இப்போது நாலு சட்டிகளில் வந்து இறங்கியிருந்தது.

செடிகள் வந்த அன்று கிளிபோட் பேஸ்மென்ரில் கூடாரத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போக மனமில்லாமல் நின்றான்.

"அங்கிள், கவனம். இதுகள் செத்தா இனி வளர்க்கமாட்டன் எண்டு நிலாணிக்கு ப்ரொமிஸ் பண்ணிப்போட்டன். தே ஆர் லைக்… என்ர பிள்ளையள்."

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும் தம்பி."

"தண்ணி கொஞ்சமாத்தான். பிறகு மெதுவா ட்ரெயின் பண்ணோணும். கொப்புகளைச் சாடையா வளைச்சுக் கட்டினா வெளிச்சம் எல்லா இடமும் படும். எல்லாம் ரைப் பண்ணி நிலாணியிட்டைக் குடுத்திருக்கிறன்."

அவன் காருக்குப் போனதும் நிலாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தகப்பனின் காதருகே வந்தாள்.

"அந்தப் பேப்பரை வீட்டிலை மறந்துபோய் விட்டிட்டன் அப்பா. பரவாயில்லை. புகையிலைத் தோட்டம் செய்த ஆக்கள், உங்களுக்குத் தெரியாததே?"

அது உண்மைதான். யாழ்ப்பாணத்து இளவாலையில் தகப்பன் புகையிலை வைத்தவர். றெமிஜியஸ் பதினெட்டு வயதுவரை அந்தத் தோட்டத்துக்குத் தவறாமல் தேத்தண்ணி கொண்டுபோனவர். கனடாவில் அவர் வைத்த கறிவேப்பிலையும் தேசியும் கற்றாழையும் செத்துப்போனது குளிராலும், கடைக்காரன் ஏமாற்றியதாலும்.

ஜோசப்பின்தான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். வீட்டுக்குள் கஞ்சா என்றதும் அவள் செபமாலையை எடுத்துச் சுழற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ பேஸ்மென்ரைக் கூட்டித் துடைத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் முடிந்து மூன்றாம் நாள் அது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அவள் ஏதாவது ஒன்றை விடுவாள். போன வருடம் தேத்தண்ணியை விட்டவள். இந்த வருடம் புருசனை ஏசுவதை விட்டிருக்கிறாள் என்று றெமிஜியஸ் கண்டுபிடித்தார். ஆண்டவரே, பெரிய தியாகம் என்று மனதுக்குள் நன்றியும் சொன்னார்.

இப்போது தலை தனி, உடம்பு தனியாகச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அவள் இறங்கி வந்து ஏசவில்லை.

"முறிஞ்சுபோச்சோ?" என்று மட்டும் கேட்டாள்.

"சாடையாத்தான் வளைச்சனான். நடுத்தண்டு உவ்வளவு விறைப்பா இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"மற்ற மூண்டும்?"

"அதுகள் சுகமா நிக்குது."

"ம்," என்றாள் ஜோசப்பின்.

றெமிஜியஸ் ஊர் முறிவு வைத்தியத்தை நினைவுக்குக் கொண்டுவந்தார். கபாப் குச்சி இரண்டை இரண்டு பக்கமும் வைத்து, துணி சுற்றி, முட்டை வெள்ளைக்கருவைத் தடவிப் பத்துப் போட்டார். முட்டையை உடைத்து வெள்ளையைப் பிரித்துக் கொடுத்தது ஜோசப்பின்தான். அன்று அவருக்குப் பாரை மீன் குழம்பும் கிடைத்தது.

"கவலைப்படாமல் சாப்பிடுங்கோ. நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ," என்றாள்.

தொடாமல் விட்டிருந்தால் செடி பொருந்தியிருக்கக்கூடும். ஆனால் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டாமா? காலையில் வேலைக்குப் போகும்போது ஒருமுறை கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வந்ததும் அவிழ்த்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது தலை கையோடு வந்தது.

"கையாலை வளைச்சதுதான் பிழை," என்று அவர் மனைவியிடம் விளக்கினார். "மனுசன்ர கை அவசரப்படும். பாரம் அவசரப்படாது. புடலங்காய் நேரா வளரக் கல்லுக் கட்டித் தொங்கவிடுறேல்லையே? அந்த முறைதான் இதுக்குச் சரி."

"கட்டுங்கோவன்."

"கல்லெல்லாம் வெளியிலை ஸ்னோவுக்குக் கீழை கிடக்கு."

"கராஜிலை இரும்பு நட் ஒரு பெட்டி கிடக்கெல்லோ?" என்று எடுத்துக் கொடுத்தாள் ஜோசப்பின்.

முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய யோசனை ஒன்றுக்கு அவள் சாமான் எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. றெமிஜியசுக்குக் கண் கலங்கியது. இரண்டாவது செடியின் ஒவ்வொரு கொப்பிலும் ஒவ்வொரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். செடி அழகாகக் குடை போல விரிந்தது. சந்தோசத்தில் ஒரு படமும் எடுத்தார். மற்ற நாள் பார்த்தால் விரிந்த குடை நடுவால் பிளந்து, இரண்டு பாதியும் சட்டிக்கு இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தது.

அன்று கணவாய்க் கறி.

"தவக்காலத்திலை இப்பிடிச் சாப்பிடலாமோ?" றெமிஜியஸ் கேட்டார்.

"இறைச்சிதானே கூடாது. நீங்கள் மனம் உடைஞ்சு போயிருக்கிறியள். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். சாப்பிட்டதும் மூளை வேலை செய்தது. பிழை எங்கே என்று இப்போது பிடிபட்டுவிட்டது. இரண்டு செடியும் சத்தில்லாமல் நொய்ந்துபோனதால்தான் முறிந்தன. சத்து ஏன் இல்லை? வேண்டாத குருத்தெல்லாம் அதை உறிஞ்சிக் குடிக்கிறது. தகப்பன் புகையிலைக்கு என்ன செய்தவர்? தலையை முறித்துவிடுவார். பக்கத்தால் வரும் குருத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கிள்ளுவார். கீழிலையைக் கழிப்பார். மிச்ச இலை யானைக் காது மாதிரி வரும்.

"இதுக்கும் இலைதானோ முக்கியம்?" ஜோசப்பின் கேட்டாள்.

"பின்னை? படம், கொடி, தொப்பி, எல்லாத்திலையும் இலையெல்லோ போட்டிருக்கிறாங்கள்."

ஜோசப்பின் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே பின்னேரத்தில் மூன்றாவது செடியின் தலையும், பதினான்கு குருத்தும், கீழ்ப்பாதி இலையும் போயின. மேல்பாதியில் சில இலைகள் நிரை குலைந்து நின்றதால் அவற்றையும் கழித்தார். கடைசியில் சட்டியில் ஒரு தடியும் மூன்று இலையும் மிஞ்சின. மூன்று இலையும் யானைக் காதாக வரும் என்று நாலு நாள் பார்த்திருந்தார். அவை சுருண்டு, மஞ்சளாகி, ஒவ்வொன்றாக விழுந்தன.

மூன்றாவது இலை விழுந்த அன்று ஜோசப்பின் இறால் பொரித்தாள்.

"இன்னும் ஒண்டு இருக்கெல்லே?" என்றாள் ஆறுதலாக.

ஒன்று இருந்தது. அதில் கையே வைப்பதில்லை என்று றெமிஜியஸ் தீர்மானித்தார். பார்ப்பது மட்டும். பார்த்துக்கொண்டிருந்தபோது அது ஒரு பக்கம் சரிவதாக அவருக்குப் பட்டது. மூன்றைப் பறிகொடுத்தவர் நாலாவதைச் சரிய விடுவாரா? மீன் பிடிக்கிற நைலோன் நூலை எடுத்து, அடியிலும் நடுவிலும் நுனியிலும் இறுக்கிக் கட்டி, கூடாரத்துக் கம்பியோடு பிணைத்தார். கொழுத்து வளரட்டும் என்று, ஜோசப்பின் தான் வளர்க்கிற கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற மீன் கழுவின தண்ணியையும் ஊற்றினார். அந்தத் தவக்காலத்தில் மீன் கழுவின தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. பாரை கழுவினது, கணவாய் கழுவினது, இறால் கழுவினது என்று வாளி வாளியாகப் போனது. செடி பருத்தது உண்மைதான்; நைலோன் நூல் தண்டை அறுத்துக்கொண்டு உள்ளே போனதும் உண்மைதான். மண் புளித்து மணத்தது. நாலாவது நாள் செடி நின்ற நிலையிலேயே தலையைத் தொங்கப் போட்டது.

கிளிபோட் வர இன்னும் நாலு நாள்.

றெமிஜியஸ் கூடாரத்துக்கு முன்னால் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். "மாமா" என்ற சொல் தன்னை விட்டு ஒஷாவாவுக்கும் அப்பால் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இனி அவன் அங்கிள் என்றாவது கூப்பிடுவானா என்பதே சந்தேகம்.

"நாலும் முடிஞ்சுதோ?" படியிலிருந்து ஜோசப்பின் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"விடுங்கோ. எல்லாம் ஆண்டவற்ற விருப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் மேலே ரெலிபோனில் சிரித்துக் கதைப்பது கேட்டது. தன் துக்கத்தை மறைக்கத்தான் சிரிக்கிறாள், பாவம் என்று நினைத்தார்.

மற்ற நாள் வேலை முடிந்து நேரே செடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனார். இடியப்பம் விற்கிற கடைக்குப் பக்கத்திலே இருந்தது அது. கவுன்ரரில் ஜனார்த்தன் என்று பெயர் குத்தியிருந்த ஒரு இளம்பெடியன் நின்றான். றெமிஜியஸ் நாலு செடியையும் படமெடுத்து வைத்திருந்த தன் போனை நீட்டினார். அவன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"அங்கிள், இந்தச் செடியள் உங்களுக்கு என்ன செய்தது?"

"ட்ரெயின் பண்ணினனான் தம்பி."

"இதுக்கு ஏன் பான்டேஜ்?"

"முறிஞ்சது."

"முறிஞ்சா ரேப் சுத்தி ரெண்டு கிழமை தொடாமல் விட்டா தானா ஒட்டும். இட்ஸ் வெரி ஸ்ட்ரோங்."

"நான் ஒவ்வொரு நாளும் அவிட்டுப் பார்த்தனான்."

ஜனார்த்தன் அடுத்த படத்துக்குப் போனான். "இதிலை ஏன் நட் தொங்குது?"

"புடலங்காய்க்குக் கட்டுறேல்லையே, அந்த முறை."

"புடலங்காய் காய் அங்கிள். இது கொப்பு." இன்னொரு படம் தள்ளினான். "மூண்டாவது எங்கை? இதிலை வெறும் தடியெல்லோ நிக்குது?"

"அதுதான் மூண்டாவது."

அவன் போனைக் கவுன்ரரில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். "குருத்தை ஏன் அங்கிள் கிள்ளினீங்கள்? இதைப் பூவுக்குத்தான் வளர்க்கிறது. அந்தக் குருத்திலைதான் பூ வரும்."

"இலைக்கில்லையோ?"

"இலையைக் குப்பையிலை போடுவம்."

றெமிஜியஸ் அங்கே கிடந்த மண் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். மருமகன், கடைசி நாலு செடி, தேவாலய வாசலில் மாமி, இரண்டு வருட அங்கிள் எல்லாம். ஜனார்த்தன் முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.

"அங்கிள், எனக்கும் நாலு செடி வீட்டிலை நிக்குது. அடுத்த கிழமை கொண்டோவுக்கு மூவ் பண்ணுறன், அங்கை விடமாட்டினம். இன்னும் பூக்கேல்லை. சும்மா எடுங்கோ. சட்டிகூட உதே சட்டிதான், எல்லாரும் எங்கடை கடையிலைதானே வாங்கிறது."

"உண்மையாவோ தம்பி?"

"ஒரு கொண்டிஷன். உங்கடை நாலையும் எனக்குத் தரோணும்."

"அது செத்தெல்லோ போச்சு?"

"அதுதான் வேணும். கடை ஜன்னலிலை வைக்கப்போறன். ஒவ்வொரு நாளும் ஆக்கள் வந்து என்ன செய்யக்கூடாது எண்டு கேக்கினம். நாலு செடியிலை எல்லாப் பிழையும் இருக்கு. ஐ நெவர் சோ எனிதிங் லைக் திஸ்."

றெமிஜியசுக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியது. "ஒரு வீட்டிலை நாலுதானே வைக்கலாம். மாத்தேக்கை ஒரு நிமிசம் எட்டாப் போகாதோ?"

"செத்தது கணக்கில்லை அங்கிள்."

ஆனாலும் அவர் முதலில் செத்ததை ஏற்றி, பிறகுதான் உயிரோடு இருப்பதை இறக்குவது என்று முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் தேவாலயத்தில் சிலுவைப்பாதைச் செபம். வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்று சொல்லி ஜோசப்பினைத் தனியே அனுப்பினார். தவக்காலத்தில் பொய் சொன்னது நெஞ்சைக் குத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானப்பட்டார். அவள் இயேசுவை அடக்கம் செய்கிற பதினாலாம் தலத்தில் முழந்தாளிட்டிருந்த நேரம், பேஸ்மென்ரில் நாலு கஞ்சாச் செடிகள் உயிர்த்தெழுந்தன.

ஜனார்த்தனின் செடிகள் என்றால் செடிகள். ஒவ்வொன்றும் பாய் விரித்த மாதிரித் தட்டையாகப் பரந்து, கொப்புக்குக் கொப்பு மெத்தென்ற கயிறால் தளர்வாகக் கட்டப்பட்டு நின்றது. "ரெண்டு நாளைக்குத் தண்ணியும் வேண்டாம். தொடவும் வேண்டாம். பார்க்கவும் வேண்டாம் அங்கிள்," என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுப் போனான் அவன். றெமிஜியஸ் கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடினார். தன்னை நம்பாமல் அதற்கு ஒரு சின்னப் பூட்டும் போட்டார்.

ஜோசப்பினுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. செத்த வீட்டில் போய் என்ன கேட்பது என்று அவள் இருக்கிறாளாக்கும் என்று எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளிபோட்டும் நிலாணியும் வந்தார்கள். நிலாணி வரும்போதே தகப்பனின் தோளைத் தடவினாள்.

"அப்பா, என்ன நடந்தாலும் ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம். சரியே?"

"உங்கடை அப்பா தன்னாலை ஏலுமானதைச் செய்தவர்," என்றாள் ஜோசப்பின். அவள் கையில் கேக் தட்டு இருந்தது. தவக்காலத்தில் கேக் ஏன் என்று றெமிஜியஸ் யோசித்தார்.

எல்லோரும் பேஸ்மென்ருக்கு இறங்கினார்கள். றெமிஜியஸ் பூட்டைத் திறந்தார். சிப்பை மெல்ல, ரசித்து, மேலே இழுத்தார்.

வெளிச்சத்தோடு பச்சை வெளியே வழிந்தது. நாலு செடிகளும் கூடாரத்தை நிறைத்து நின்றன.

கிளிபோட் முழந்தாளிட்டு ஒரு கொப்பைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. எழும்பி றெமிஜியசைக் கட்டிப் பிடித்தான்.

"மாமா!" என்றான். "மாமா, யூ ஆர் அ ஜீனியஸ்! என்னாலையே இப்பிடி வளர்க்க ஏலாது மாமா!"

மூன்று தரம். றெமிஜியஸ் எண்ணினார். காதுக்குள் கோயில் மணி அடித்தது. மருமகனின் முதுகில் தட்டினார்.

"இதை நிப்பாட்டவே கூடாது மாமா. இதிலை கொப்பு வெட்டி அடுத்த நாலு வைப்பம். நீங்களும் நானும் சேர்ந்து செய்வம். இண்டைக்கே திருப்பி அந்தச் சின்ன அறைக்குள்ளை கொண்டுபோறன். தொட்டிலை எங்கடை அறையிலை ஒரு மூலைக்குள்ளை வைக்கலாம்தானே நிலாணி?"

றெமிஜியஸ் திரும்பிப் பார்த்தார். ஜோசப்பினின் கையிலிருந்த கேக் தட்டு சரிந்து கொண்டிருந்தது. மூன்று கிழமையாகக் காணாமல் போயிருந்த அந்தப் பழைய பார்வை அவள் கண்ணுக்குத் திரும்பி வந்து, நேரே அவர்மேல் நின்றது. நிலாணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி கடைசிப் படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழத் தொடங்கினாள்.

"அம்மா, அப்பா கை வைச்சா ஒரு செடியும் மூண்டு கிழமை தாங்காது, அவரிட்டை விடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"